குழந்தை சொல் கற்பதை ஆராய ஐகப் போன்ற ரோபோவை நாமே செய்ய முடியுமா?

புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் நான்கு பேர், கடலூரில் உளவியல் முதுகலை படிக்கும் இரண்டு பேர், கையில் மூன்று லட்சம் ரூபாய், இரண்டு செமஸ்டர் அவகாசம். இதை வைத்து இத்தாலியின் ஐகப் போல ஒரு மனித வடிவ ரோபோவைக் கூட்டாகச் செய்து, குழந்தைகள் சொற்களைக் கற்பதை ஆராய முடியுமா, பேச்சுக்கு சாட்ஜிபிடியை இணைத்துவிட்டால் வேலை எளிதாகுமா, நடக்கக் கால் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது ரோபோ செய்வது பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: அறிதலைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எவ்வளவு உடல் தேவை, அந்த வேலையை இரண்டு ஊர்க்காரர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது. அதற்கே பதில் சொல்கிறேன். ஐகப் போல முழு உடல் இந்தப் பணத்தில் முடியாது, உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை. நான்கு மோட்டாரும் ஒரு கேமராவும் கொண்ட மேலுடல் போதும். ஆனால் அதை ஒன்றாகச் செய்யாமல் அச்சு அசலாக இரண்டு செய்யுங்கள். ஒன்று புதுச்சேரியில் இருக்கட்டும், மற்றொன்று கடலூரில்.

ஐகப் எப்படி உருவானது என்பதில் உங்களுக்கு உதவும் பாடம் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியோடு 2004-இல் தொடங்கிய ரோபோட்கப் திட்டத்தில் அது பிறந்தது. ஜெனோவாவின் ஜூலியோ சாண்டினி, ஜோர்ஜோ மெட்டா ஆகியோரின் குழுவோடு, ஃபெராராவின் மூளை ஆய்வாளர்களும் உப்சாலாவின் குழந்தை வளர்ச்சி உளவியலாளர்களும் லிஸ்பன், சூரிக், லொசான் ஆகிய ஊர்களின் பொறியாளர்களும் அதில் இருந்தார்கள். உயரம் சுமார் 104 செ.மீ., எடை 22 கிலோ, அசைவு அச்சுகள் 53. அந்த 53-ஐப் பிரித்துப் பாருங்கள்: தலைக்கும் கண்ணுக்கும் 6, இரண்டு கைகளுக்கு 14, இரண்டு உள்ளங்கை விரல்களுக்கு 18, இடுப்புக்கு 3, கால்களுக்கு 12. மூன்றில் ஒரு பங்கு விரல்களுக்கே போயிருக்கிறது. பொருளைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது அறிதலின் அடித்தளம் என்று உளவியலாளர்கள் சொன்னதால் பொறியாளர்கள் அப்படி வடிவமைத்தார்கள். கேள்வி முதலில் வந்தது, உடல் அதற்குப் பின்னால் வந்தது. வரைபடங்களும் மென்பொருளும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டதால், பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே உடலை வைத்துக்கொண்டு ஒருவர் முடிவை மற்றவர் சோதிக்க முடிந்தது. கூட்டாய்வின் பலன் அதுதான். ஒரு ஐகப்பின் விலை சுமார் இரண்டரை லட்சம் யூரோ என்று சொல்லப்படுகிறது, ஆகவே அதை வாங்கும் பேச்சை விட்டுவிடலாம். அதன் சிமுலேட்டர் மட்டும் இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும், முதல் மாதம் அதிலேயே கழியட்டும்.

உங்கள் அளவுக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஐகப்பை வைத்து மோர்ஸ், பெல்பாமே, காஞ்சலோசி ஆகியோரும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் குழந்தைகளோடு லிண்டா ஸ்மித் குழுவும் சேர்ந்து செய்து 2015-இல் வெளியிட்டார்கள். சோதனை எளியது. பெயர் தெரியாத இரண்டு பொருள்கள். ஒன்றை எப்போதும் குழந்தையின் இடப்பக்கம் காட்டுகிறார்கள், மற்றதை எப்போதும் வலப்பக்கம். பிறகு இரண்டையும் மறைத்துவிட்டு, வெறுமையாக இருக்கும் ஒரு பக்கத்தைப் பார்க்கவைத்து ஒரு புதுச்சொல்லைச் சொல்கிறார்கள். கடைசியில் இரண்டு பொருள்களையும் புது இடத்தில் ஒன்றாக வைத்து, அந்தப் பெயருக்கு உரியது எது என்று கேட்கிறார்கள். பெயரைக் கேட்ட நொடியில் பொருள் கண்ணெதிரே இல்லாதபோதும், அந்தப் பக்கத்தில் முன்பு பார்த்த பொருளையே குழந்தைகள் தேர்கிறார்கள். இடம் வழியாகப் பெயரும் பொருளும் இணைகின்றன. ரோபோவில் இந்த இணைப்பை உடல் நிலையின் வழியாக அமைத்தார்கள். அப்படி அமைத்ததால் ஒரு புது ஊகம் கிடைத்தது: பெயர் சொல்லும்போது மட்டும் உட்கார்ந்திருந்த உடல் நின்றுவிட்டால் இணைப்பு அறுந்துபோக வேண்டும். பிறகு குழந்தைகளிடம் சோதித்தார்கள், அப்படியே நடந்தது. ரோபோ முதலில் சொன்னது, குழந்தை பிறகு உறுதி செய்தது. இந்த வரிசைதான் இந்த ஆய்வின் மதிப்பு.

இதில் எது உறுதி, எது ஐயம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு எளிய இயக்கமுறை இந்த நடத்தையைத் தரப் போதுமானது என்று ரோபோ காட்டுகிறது. அது உறுதி. குழந்தையின் மூளையிலும் அதே இயக்கமுறை இருக்கிறது என்று அது காட்டவில்லை. வேறு ஐந்து இயக்கமுறைகளும் அதே நடத்தையைத் தரலாம். மனித வடிவம் கட்டாயமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. என் கணிப்பில் இரண்டே சூழல்களில் அது தேவை: உடலின் அமைப்பே விளக்கத்தின் ஒரு பகுதியாக இருக்கும்போது, அல்லது எதிரே இருக்கும் மனிதர் அதை ஓர் ஆளாக எண்ணுவதால் ஏற்படும் விளைவை ஆராயும்போது. இரண்டாவதற்கு நல்ல உதாரணம் ஜெனோவாவில் விகோவ்ஸ்கா குழு செய்த ஆய்வு. விளையாட்டில் எதிரே இருந்த ஐகப் கண்ணோடு கண் நோக்கியபோது, முடிவெடுக்க மனிதர்கள் கூடுதல் நேரம் எடுத்தார்கள். உங்கள் கேள்வி முதல் வகை. அதற்கு வேண்டியது சாயும் இடுப்பும் திரும்பும் கழுத்தும். விரலோ முகபாவமோ அதில் எங்கும் வராது.

சாட்ஜிபிடி விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். சொல் எப்படிக் கற்கப்படுகிறது என்று ஆராயும் ரோபோவுக்குள், எல்லாச் சொல்லும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வைத்தால் ஆராய எதுவும் மிஞ்சாது. அது சரியாகப் பதில் சொன்னால் கற்றதாலா, முன்பே தெரிந்ததாலா என்று பிரிக்க வழியே இல்லை. வருபவரை வரவேற்கவும் சோதனை விதிகளைச் சொல்லவும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கற்கும் பகுதிக்குள் விடாதீர்கள். பேச்சை அடையாளம் காணும் மென்பொருளும் முதல் கட்டத்தில் வேண்டாம். கழுத்து மோட்டாரின் இரைச்சல் மைக்கில் ஏறி, சொல் தவறாகப் பதிவாகும். அது கேட்டலின் பிழையா, கற்றலின் பிழையா என்று குழம்பிப்போவீர்கள். கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் சொல் உள்ளே போகும்படி வையுங்கள். சொல்லைத் தேர்வதில் உளவியல் படிப்பவர்கள் நேரம் செலவிடட்டும். தமிழ்க் காதுக்கு இயல்பாக ஒலிக்க வேண்டும், பொருள் இருக்கக் கூடாது, வீட்டில் புழங்கும் செல்லப்பெயராகவும் இருக்கக் கூடாது. ‘நூமி’, ‘கெவ்லி’ போன்றவற்றைப் பத்துப் பேரிடம் சொல்லி என்ன நினைவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வராதது நல்ல சொல்.

கற்கும் பகுதி சிறியது. மூன்று தன்னமைப்பு வரைபடங்கள், அதாவது ஒத்த உள்ளீடுகளை அருகருகே தானே அடுக்கிக்கொள்ளும் சிறு மென்பொருள் வலைகள், ஒவ்வொன்றும் 10-க்கு 10 செல்கள். முதலாவது நிறத்தைப் பெறுகிறது, இரண்டாவது நான்கு மூட்டுகளின் கோணங்களை, மூன்றாவது சொல்லை. நிற வரைபடமும் சொல் வரைபடமும் நேரடியாக இணைவதில்லை, இரண்டும் உடல்நிலை வரைபடத்தோடு மட்டும் இணைகின்றன. ஒரே நேரத்தில் எழும் செல்களுக்கு இடையே இணைப்பு வலுக்கும் என்ற ஹெப் விதி போதும். சோதனையின்போது சொல் உடல்நிலையை எழுப்புகிறது, உடல்நிலை நிறத்தை எழுப்புகிறது, அந்த நிறமுள்ள பக்கம் தலை திரும்புகிறது. பைத்தானில் சில நூறு வரிகள்தான். ஆனால் ஓர் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இடுப்பு 30 டிகிரி வரைதான் சாயும், கழுத்து 90 டிகிரி வரை திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். கோணங்களை அப்படியே உள்ளே விட்டால் கழுத்தின் குரல் ஓங்கிவிடும், உடல் சாய்ந்ததை வரைபடம் பொருட்படுத்தாது. ஒவ்வொரு மூட்டையும் 0 முதல் 1 வரை சமன்படுத்தினால் முடிவு தலைகீழாக மாறலாம். அதாவது, முடிவு உங்கள் அமைப்பு எண்ணில் இருந்து வருகிறதா, ஆய்வுக் கருத்தில் இருந்து வருகிறதா என்று தெரியாமல் போகும். மருந்து ஒன்றுதான்: சாய்வை 0, 5, 10 என 30 டிகிரி வரை படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் எத்தனை முறை சரியாகத் தேர்ந்தது என்ற முழு வளைகோட்டையும் வெளியிடுங்கள். இரண்டு சமன்படுத்தும் முறைகளிலும் செய்து இரண்டையும் காட்டுங்கள். இணைப்பு மெல்லத் தளர்கிறதா, ஓரிடத்தில் சட்டென்று அறுகிறதா என்பது குழந்தைகளிடம் சோதிக்கத் தக்க ஊகமாகவே நிற்கும்.

இனி உடல். இடுப்புக்கு இரண்டு அச்சு, முன்னே சாய ஒன்று, பக்கவாட்டில் திரும்ப ஒன்று. கழுத்துக்கு இரண்டு. பிரான்சின் இன்ரியா ஆய்வகம் வெளியிட்ட பாப்பி என்ற ரோபோவின் மேலுடல் வடிவத்தில் 13 மோட்டார்கள் உள்ளன. அதன் திறந்த வரைபடங்களை எடுத்துக் கைகளை நீக்கி உங்களுக்கேற்ப மாற்றலாம். மோட்டார் தேர்வில் பலர் சறுக்குவது முறுக்கு விசைக் கணக்கில்தான். மேலுடல் 1.2 கிலோ, அதன் எடை மையம் இடுப்பு அச்சுக்கு 20 செ.மீ. மேலே, சாய்வு 30 டிகிரி என்றால் வேண்டிய விசை 1.2 × 9.81 × 0.20 × 0.5, சுமார் 1.2 நியூட்டன் மீட்டர். டைனமிக்சல் ஏஎக்ஸ்-12ஏ மோட்டாரின் உச்ச விசை 1.5 என்று போட்டிருப்பதைப் பார்த்து ‘போதும்’ என்று வாங்கிவிடுவார்கள். அந்த எண் மோட்டார் திணறி நிற்கும் நொடியின் விசை. தொடர்ந்து தாங்கக்கூடியது அதில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரைதான். ஆகவே இடுப்புச் சாய்வுக்கு 12 வோல்ட்டில் 6 நியூட்டன் மீட்டர் தரும் எம்எக்ஸ்-64 அல்லது அதற்கு இணையான எக்ஸ் வரிசை மோட்டார் தேவை. மற்ற மூன்றுக்கும் எம்எக்ஸ்-28 அளவு தாராளம். இரண்டு உடலுக்கும் சேர்த்துப் பணம் இடித்தால் ஃபீடெக் எஸ்டிஎஸ்-3215 வகை மோட்டார்களை எடுக்கலாம். அப்போது இடுப்பில் எடையைத் தாங்க ஒரு இழுவிசைச் சுருள்வில் கட்டாயம். விலை அடிக்கடி மாறுவதால் இறக்குமதி வரியையும் சேர்த்து எழுத்தில் விலைப்பட்டியல் வாங்கிய பிறகே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

எம்ஜி-996ஆர் போன்ற மூன்று ஒயர் சர்வோக்கள் மலிவு, நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். இந்த ஆய்வுக்கு அவை உதவா. நீங்கள் கோணத்தைச் சொல்லலாம், ஆனால் அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று அது திருப்பிச் சொல்லாது. தன் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாத ரோபோவை வைத்து உடல்நிலையின் பங்கை ஆராய முடியாது. மேலே சொன்ன எம்எக்ஸ், எஸ்டிஎஸ் இரண்டும் ஒரு சுற்றை 4096 படிகளாகப் பிரித்து, இருக்கும் இடத்தைத் திருப்பிச் சொல்பவை. ஏஎக்ஸ்-12ஏ-யும் சொல்லும், ஆனால் 300 டிகிரிக்கு 1024 படிதான், பல்சக்கரத் தளர்வும் அதிகம். கழுத்தில் ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால் 60 செ.மீ. தள்ளியிருக்கும் பொருளில் பார்வை ஒரு செ.மீ. விலகும். 640 பிக்சல் அகலப் படமும் 60 டிகிரி பார்வைப்பரப்பும் உள்ள கேமராவில் அது சுமார் 11 பிக்சல்.

பொருத்தும்போது நடக்கும் வழக்கமான தவறு: எல்லா மோட்டாரும் ஆலையில் இருந்து 1 என்ற அடையாள எண்ணோடுதான் வரும். நான்கையும் ஒன்றாகத் தொடுத்து மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்ல முயன்று, கணினிக்கு எதுவும் கேட்காது. மோட்டார் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. ஒவ்வொன்றாக இணைத்து எண் கொடுத்து, அதை மோட்டாரின் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வாங்கும்போது எம்எக்ஸ்-28டி, எம்எக்ஸ்-28ஆர் என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதற்கு மூன்று முள், இரண்டாவதற்கு நான்கு முள், தகவல்முறையும் வேறு. இரண்டையும் ஒரே தொடரில் கலக்க முடியாது. மின்சாரத்துக்கு 12 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை சரியாக இருக்கும். மேலே சொன்ன நான்கும் ஒரே நொடியில் திணறினாலும் 8.3 ஆம்பியர்தான் இழுக்கும். கேமராவுக்கும் கணினிக்கும் தனி மின்சாரம் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள். சிவப்பு நிற அவசர நிறுத்த பட்டனை மோட்டார் ஒயரில் மட்டும் வையுங்கள். கணினியும் சேர்ந்து அணைந்தால் அதுவரை பதிந்த தரவு போய்விடும்.

நம் கடற்கரைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. காலாப்பட்டானாலும் கடலூர் முதுநகரானாலும் உப்புக்காற்று கனெக்டர் முள்களில் பச்சை பூக்கவைக்கும். முதலில் அது தெரியாது. மோட்டாரிடம் இருந்து வரவேண்டிய பதில் ஆயிரத்தில் ஒன்று வராமல் போகும், பிறகு நூற்றில் ஒன்று. மென்பொருள் பழைய கோணத்தையே வைத்துக்கொண்டு ஓடும், நீங்கள் ரோபோ தவறாகக் கற்றது என்று எழுதுவீர்கள். ஆகவே பதில் வராத ஒவ்வொரு முறையையும் பதிவு செய்யுங்கள், எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முள்களைத் துடையுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். அடுத்தது வெப்பம். எம்எக்ஸ்-28 தன் உள்வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் தானே விசையை விட்டுவிடும், ஏஎக்ஸ்-12ஏ 70 டிகிரியில். அக்கினி நட்சத்திரத்தில் மூடிய லேபில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். அதற்கு முன்பே சூடான மோட்டார், முப்பரிமாண அச்சில் வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், ஏனென்றால் பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குகிறது. வளைவு மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தலை மட்டும் இரண்டு டிகிரி தாழ்ந்திருக்கும். மோட்டாரைப் பிடிக்கும் பாகங்களைக் கூடுதல் வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில், நான்கு சுற்றுச் சுவர்களோடு, 40 சதவீத நிரப்பில் அச்சிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் வெப்பத்தைப் படித்து, 55 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

கண்ணில் வரும் சிக்கல்கள் கையில் வருவதைவிடப் பொல்லாதவை, ஏனென்றால் அவை வெற்றி போலவே தோற்றமளிக்கும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலையையும் வெளிச்ச அமைப்பையும் முதல் வேலையாக அணையுங்கள். இல்லாவிட்டால் மாலை வெயில் சன்னல் வழியாக விழும்போது நீலம் வேறு நீலமாகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஒளிபடும் நேரத்தை 10 அல்லது 20 மில்லிநொடியாக வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடாது. சோதனைப் பொருளுக்குச் சிவப்பு வேண்டாம். படத்தை அலசும் ஓபன்சிவி மென்பொருள் நிறத்தை 0 முதல் 179 வரை அளக்கிறது, சிவப்பு இரு முனைகளிலும் பிளந்து விழும். நீலமும் பச்சையும் எடுங்கள். பொருளை வைக்கும் கையும் படத்தில் வரும், தோல் நிறமும் ஒரு நிறம்தான், ஆகவே சாம்பல் நிறக் கையுறை போடுங்கள். மிக முக்கியமானது பின்னணி. இடப்பக்கம் பழுப்பு பீரோ, வலப்பக்கம் வெள்ளைச் சுவர் என்றிருந்தால் ரோபோ பொருளைக் கற்காமல் பீரோவைக் கற்றுவிடும், முடிவு அருமையாக வரும். மேசையின் மூன்று பக்கமும் சாம்பல் துணி கட்டுங்கள். பிறகு உடல்நிலை வரைபடத்தின் இணைப்புகளை முழுக்கத் துண்டித்து அதே சோதனையை ஓட்டுங்கள். அப்போதும் பாதிக்கு மேல் தெளிவாகச் சரியாகத் தேர்ந்தால் எங்கோ தகவல் கசிகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை முன்னே போக வேண்டாம். நீலப் பொருள் பாதிச் சுற்றுகளில் இடப்பக்கமும் பாதியில் வலப்பக்கமும் வருவதும், பெயர் சொல்லும் பக்கம் மாறிமாறி வருவதும் சொல்லாமலே விளங்கும்.

பின்னால் வேறு கேள்விக்காக இரண்டாவது கேமரா சேர்க்க நினைத்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 640-க்கு 480 அளவில், சுருக்காத படம் நொடிக்கு 30 என்றால் ஒரு கேமராவே நொடிக்கு 18.4 மெகாபைட் அனுப்பும். யுஎஸ்பி 2.0-இல் ஒரே ஹப் வழியாக இரண்டை ஓட்டினால் ஒன்று திறக்காமல் போவது வழக்கம். வேறு வேறு போர்ட்டில் செருகுங்கள், அல்லது எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் படத்தைப் பெறுங்கள்.

இரண்டு ஊர்களுக்கு இடையே உண்மையான சண்டை மோட்டாரில் வராது, அலகிலும் நேரத்திலும் வரும். பாப்பியின் பைபாட் மென்பொருள் நூலகமும் ஐகப்பின் யார்ப் மென்பொருளும் கோணத்தை டிகிரியில் பேசுகின்றன. ரோபோக்களில் பரவலாகப் பயன்படும் ராஸ் மென்பொருள் ரேடியனில் பேசுகிறது. ஒருவர் டிகிரியில் அனுப்பி மற்றவர் ரேடியனாகப் படித்தால், கழுத்து தன் எல்லையில் போய் முட்டும், பல்சக்கரம் உடையும். இடது என்பது ரோபோவின் இடதா, எதிரே நிற்பவரின் இடதா என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள். உளவியலார் பெரும்பாலும் குழந்தையின் பக்கத்தில் இருந்தும், கேமரா படத்தைப் பார்ப்பவர் திரையின் பக்கத்தில் இருந்தும் பேசுவார்கள். நேரத்தைப் பொறுத்தவரை, எல்லாப் பதிவும் ஒரே கணினியின் கடிகாரத்தில் இருந்து முத்திரை பெறட்டும். இரண்டு லேப்டாப் என்றால் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு எல்இடி விளக்கும் பஸ்ஸரும் ஒன்றாக இயங்கும்படி வைத்தால், படத்தையும் ஒலியையும் பிறகு எளிதாகப் பொருத்தலாம்.

ஏன் இரண்டு உடல் என்கிறேன் என்றால், ஒரே உடலில் மட்டும் கிடைத்த முடிவு அந்த உடலின் குணமா, கருத்தின் குணமா என்று தெரியாது. ஒரே வரைபடம், ஒரே மென்பொருள் பதிப்பு, ஒரே சோதனைக் குறிப்பு, இரண்டு ஊர், வேறு வேறு கைகள். குறிப்பை கடலூர் உளவியலார் எழுதட்டும், புதுச்சேரிக்காரர்கள் அதைப் படித்து மட்டுமே, போனில் ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு முழுச் சுற்றை நடத்திப் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே குறிப்பு குறைபாடு. மென்பொருளில் மாற்றம் செய்பவர் ஒருவர், அதை ஏற்றுக்கொள்பவர் மற்ற ஊர்க்காரர் என்று வைத்தால் இரண்டு உடலும் விலகிப் போகாது. இரண்டு இடத்திலும் முடிவு வேறுபட்டால் வருந்த வேண்டாம். ஒளி, உராய்வு, துணியின் நிறம் என்று ஒவ்வொன்றாக ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் முடிவைத் தீர்மானிக்கும் மறைந்த காரணம் வெளியே வரும். அதுவே உங்கள் அறிக்கையின் நல்ல அத்தியாயமாகலாம்.

புள்ளியியலில் ஒரு எச்சரிக்கை. ரோபோவை வேறு வேறு தொடக்க எண்களோடு 20 முறை ஓட்டுவது 20 குழந்தைகளைச் சோதிப்பதற்குச் சமம் ஆகாது. ஓட்டும் எண்ணிக்கையை 2000 ஆக்கினால் எந்தச் சிறு வேறுபாடும் ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். அதனால் முக்கியத்துவ மதிப்பை (பி-மதிப்பை) நம்பாதீர்கள். சரியாகத் தேர்ந்த விகிதத்தையும் அதன் பரவலையும் கொடுத்து, வெளியான குழந்தை ஆய்வின் போக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாய்வு 15 டிகிரியில் என்ன நடக்கும் என்ற ஊகத்தை, ஓட்டும் முன்பே தேதி போட்டு எழுதி இரு ஊரிலும் வையுங்கள்.

உள்ளூர் அங்கன்வாடிக் குழந்தைகளிடம் நேரே போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டு செமஸ்டரில் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி மனிதர் பங்கேற்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும், 7 வயது முதல் குழந்தையின் சம்மதமும் வேண்டும். வீடியோ எடுத்தால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும், 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் அதில் குழந்தைகள்தான். உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், ஜிப்மர் போல அத்தகைய குழு உள்ள ஒரு நிறுவனத்தின் ஆசிரியர் யாராவது இணை ஆய்வாளராகச் சேர முன்வருவாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள், ஏனென்றால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெளியான குழந்தைத் தரவே உங்கள் ஒப்பீட்டுக்குப் போதும். ஓடும் மோட்டாருக்கு அருகில் இரண்டு வயதுக் குழந்தையின் விரல் போகக் கூடாது என்ற கவலையும் அதோடு தள்ளிப்போகும்.

கடைசியாகக் கால். சமநிலையோடு நடக்கவைப்பது தனி ஆய்வுத் துறை, உங்கள் இரண்டு செமஸ்டரையும் அதுவே விழுங்கிவிடும். உட்கார்ந்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் பதிலாகத்தான் இடுப்புச் சாய்வு. அது முழு ஈடு ஆகாது, அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் உடலின் அடித்தட்டை 25 செ.மீ. உயரமுள்ள மரப்பெட்டிமேல் கையால் தூக்கி வைத்து, பொருளைப் பார்க்கத் தலை கூடுதலாகக் குனியும்படி செய்யலாம். செலவு ஒரு பெட்டி. பெட்டிமேல் வைத்ததும் நான்கு மூலையிலும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், 30 டிகிரி சாயும்போது எடை மையம் 10 செ.மீ. முன்னால் வந்துவிடும்.